குழந்தைய யாரு பாத்துக்குவாங்க? (வாசகர் கேள்வி பதில்)

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல சென்னைல வேலைக்குப் போற அம்மாக்கள் எழுதினது, கூடவே ஒரு அப்பாவும் ஒரு பாட்டியும் எழுதியிருக்காங்க. ஒவ்வொருத்தர் கஷ்டமும் வேற வேற, ஆனா எல்லாத்துக்கும் அடியில ஒரே கேள்விதான் ஓடுது, நாம வெளிய இருக்கற நேரத்துல குழந்தைய யாரு பாத்துக்குவாங்க. நானும் ரெண்டு பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு கிண்டில ஒரு கம்பெனில கணக்குப் பிரிவுல வருஷக்கணக்கா வேலை பாக்கறவதான், வீடு வேளச்சேரி. அதனால என் வீட்டுல நடந்தத வெச்சுத்தான் அதிகமா எழுதறேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஏரியா மட்டும் போட்டிருக்கேன்.

*

அக்கா, எனக்கு பெருங்குடில ஐடி வேலை. பாப்பாவுக்கு அஞ்சு மாசம், அடுத்த மாசம் லீவு முடியுது. திருநெல்வேலில இருந்து வந்து கூட இருந்த அம்மா, அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு கிளம்பறாங்க. மாமியார் இல்ல. க்ரெச்ல விட்டா பாப்பா ஏங்கிப் போயிடுவாளோன்னு ராத்திரி தூக்கமே வர்றதில்ல. தாய்ப்பாலையும் நிறுத்தணுமா? பேசாம வேலைய விட்டுடலாமான்னு இருக்கு.
பெருங்குடி வாசகி

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்மா, வேலைய விடறதா வேணாமான்னு இந்த மாசம் முடிவு பண்ணாதீங்க. தூக்கமில்லாம இருக்கறப்போ எடுக்கற முடிவு நம்ம முடிவா இருக்காது. சேர்ந்து மூணு மாசம் ஆகட்டும், அப்பவும் முடியலன்னா அப்போ யோசிக்கலாம்.

என் பெரியவ பொறந்தது 2013ல. அப்போ சம்பளத்தோட லீவு 12 வாரம்தான். மூணு மாசக் குழந்தைய மடிப்பாக்கத்துல ஒரு ஆன்ட்டி வீட்டுல விட்டுட்டு ஆபீஸ் போனேன், மத்தியானம் பால் கட்டி புடவையெல்லாம் நனைஞ்சு, பாத்ரூம்ல பிழிஞ்சு விட்டுட்டு முகத்த கழுவிட்டு வந்து மறுபடி கணக்கு பாத்திருக்கேன், அத யார்கிட்ட சொல்றதுன்னு கூட தெரியாது. 1961 மகப்பேறு சட்டத்த 2017ல திருத்தினப்போதான் முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம்னு ஆச்சு. சின்னவன் 2018ல பொறந்தான், எனக்கு அந்த 26 வாரம் கிடைச்சது. ரெண்டையும் அனுபவிச்சவ சொல்றேன், அந்த 14 வாரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

லீவு தவிர சட்டத்துல நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இன்னும் இருக்கு. 50 பேர் இல்ல அதுக்கு மேல வேலை பாக்கற இடத்துல க்ரெச் வசதி இருக்கணும், அம்மா ஒரு நாளைக்கு 4 தடவை போய் குழந்தைய பாத்துட்டு வர விடணும். குழந்தைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும் வழக்கமான இடைவேளை போக பால் கொடுக்கன்னு ரெண்டு இடைவேளை தனியா உண்டு. லீவு முடிஞ்சப்புறமும், வேலை அந்த மாதிரியானதா இருந்தா, ரெண்டு பக்கமும் பேசி வீட்டுலேர்ந்து வேலை பாக்கறதுக்கும் அதுல இடம் இருக்கு. உங்க எச்.ஆர்.கிட்ட போன்ல கேக்காதீங்க, மெயில்ல கேளுங்க, நம்ம க்ரெச் எங்க இருக்கு, எந்த நேரத்துல போய்ட்டு வரலாம், பால் எடுத்து வெக்க ரூம் எதுன்னு. இருக்கான்னு கேட்டா இல்லன்னு ஒரு வார்த்தைல முடிச்சிடுவாங்க, எங்க இருக்குன்னு கேட்டா பதில் தேட வேண்டியது அவங்க பொறுப்பு.

பால நிறுத்தவே வேணாம். இப்பவே தினமும் ஒரு தடவை பிழிஞ்சு எடுத்து பழகுங்க, சேர்ற நாள் அன்னிக்கு ஆரம்பிச்சா டென்ஷன்ல வராது. எடுத்த பால் வெளிய 4 மணி நேரம் தாங்கும்னு சொல்வாங்க, அது ஏசி ரூம் அளவு சூட்டுக்கு சொன்ன கணக்கு, நம்ம ஊர் வெயிலுக்கு அத நம்ப வேணாம். எடுத்த உடனே ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க, 4 நாள் வரைக்கும் இருக்கும், கொண்டு வர ஐஸ் பேக் போட்ட பை ஒண்ணு வாங்கிக்கோங்க. பாட்டில் மேல தேதி எழுதி ஒட்டிடுங்க. சூடு பண்றப்போ அடுப்புல நேரா வெக்காம வெந்நீர்ல பாட்டில நிறுத்தி வெச்சா போதும்.

க்ரெச் பாக்கப் போறப்போ காலைல போகாதீங்க, காலைல எல்லா க்ரெச்சும் அழகாத்தான் இருக்கும். சாயங்காலம் மூணு நாலு மணிக்கு சொல்லாம போங்க. அந்த நேரத்துல ஆயாவும் களைச்சிருப்பாங்க, குழந்தைங்களும் நைநைன்னு இருக்கும், அப்போ அவங்க எப்படி பேசறாங்கன்னு பாத்தா தெரிஞ்சிடும். சுவத்துல ஒட்டியிருக்கற கார்ட்டூன் படத்த பாக்காதீங்க, ஒரு ஆயாவுக்கு எத்தன கைக்குழந்தைன்னு எண்ணுங்க, நீங்க இங்க எத்தன வருஷமா இருக்கீங்கன்னு ஆயாகிட்டயே கேளுங்க. மாசத்துக்கு ஒரு ஆயா மாறற இடம் வேணவே வேணாம். அம்மா வந்து நிக்கறப்பவும் ஆயா இடுப்ப விட்டு இறங்க மாட்டேன்னு ஒரு குழந்தையாவது அடம் பிடிச்சா அந்த இடம் நல்ல இடம். சேர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், அரை நாள்னு விட்டுப் பழக்குங்க.

ஏங்கிப் போயிடுவாளான்னு கேட்டிருந்தீங்க. என் பொண்ணு பத்து நாள் கத்தினா. பதினோராம் நாள் அந்த ஆன்ட்டிய பாத்ததும் என் தோள்லேர்ந்து கைய நீட்டிட்டு தாவினா, அன்னிக்கு பஸ்ல உக்காந்து நான் அழுதேன். இப்ப அவ உயரம் எனக்கு மேல, இன்னும் அந்த ஆன்ட்டி வீட்டுக்குப் பொங்கல் அன்னிக்கு போய் கால்ல விழுந்துட்டுதான் வருவா. நம்மளத் தவிர இன்னும் ஒரு ஆள் நம்ம பிள்ளைய நேசிச்சா நம்ம பங்கு குறையறதில்லம்மா.

*

மாவு கடைல பாக்கெட் வாங்கறேன். ஊர்லேர்ந்து வந்த மாமியார், கிரைண்டர் இருக்கறப்போ காசு கொடுத்து மாவு வாங்கற வீட்ட இப்பதான் பாக்கறேன்னு பக்கத்து வீட்டுல போய் சொல்லியிருக்காங்க. மனசு கஷ்டமா இருக்கு.
போரூர் வாசகி

வாங்குங்க. கடைல அரைக்கறதும் ஒரு பொம்பளதான், அவ வீட்டுல அடுப்பு எரியறது அந்த பாக்கெட்டாலதான். மாமியார்கிட்ட சண்டை வேணாம், அவங்களுக்கு அரைக்கணும்னு ஆசை இருந்தா ஞாயித்துக்கிழமை உளுந்து ஊறப்போட்டு கொடுத்து நீங்க அரைங்கத்தைன்னு சொல்லுங்க, அவங்க கைப்பக்குவமும் வீட்டுல இருக்கட்டும். அந்த மாவுல மொத ஈடு இட்லிய அவங்க தட்டுலயே வைங்க.

*

ரங்கநாதன் தெரு பக்கம் ஒரு துணிக்கடைல சேல்ஸ்ல இருக்கேன் அக்கா, வீடு வியாசர்பாடி. காலைல கிளம்பினா வீடு திரும்ப ராத்திரி பத்து. நாள் பூரா நின்னு கால் வீங்கிப் போகுது. பையன் மூணாவது, கார்ப்பரேஷன் ஸ்கூல். நான் அஞ்சு மணிக்கு எழுந்து செஞ்சு வெக்கற டிபன தொடறதே இல்ல, ஸ்கூல்லயே சாப்டுக்கறேன்றான். அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி பேசறாங்க. சாயங்காலம் ஸ்கூல் விட்டா பக்கத்து வீட்டு ஆயாதான் பாத்துக்குது.
வியாசர்பாடி வாசகி

ஸ்கூல்லயே சாப்பிடட்டும்மா. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சு 2023 ஆகஸ்ட்ல தமிழ்நாடு முழுக்க அரசு தொடக்கப்பள்ளிகளுக்கு வந்துச்சு, ஒண்ணாவதுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும். உப்புமா, கிச்சடி, பொங்கல்னு சூடா சாம்பாரோட கிடைக்குது, கூட்டாளிங்களோட உக்காந்து சாப்பிடறது அவனுக்குப் பிடிச்சிருக்கு. நீங்க வெச்சிட்டுப் போறது அவன் எழுந்துக்கறப்போ ஆறிப்போயிருக்கும், அதுவும் தனியா உக்காந்து சாப்பிடணும், எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும் சொல்லுங்க. பேசறவங்க பேசட்டும், அது நம்ம பிள்ளைங்களுக்குன்னு போட்ட சோறு. நீங்க அந்த அரை மணி நேரம் கூட தூங்குங்க, ராத்திரி பத்து மணிக்கு வந்து படுக்கற உடம்புக்கு அது பெரிய விஷயம்.

நிக்கற விஷயத்துல, கடைல உக்கார்றதுக்கு சீட்டு போடணும்னு 2021லயே தமிழ்நாட்டுல சட்டத்துல சேர்த்தாச்சு. கஸ்டமர் இல்லாத நேரத்துல வேலை ஆளுங்க உக்காரலாம், அதுக்கு முதலாளி இடம் பண்ணித் தரணும். ஆனா நீங்க ஒருத்தியா போய் கேக்காதீங்க. ஒருத்தியா கேட்டா உன் ஒருத்திக்குத்தான் கால் வலிக்குதான்னு கேப்பாங்க. உங்க ஃப்ளோர்ல இருக்கற ஆறேழு பேர் சேர்ந்து சூப்பர்வைசர்கிட்ட ஒரே நேரத்துல போங்க, ஸ்டூல் போதும் அண்ணான்னு பதமா ஆரம்பிங்க. கேக்கவே இல்லன்னா தொழிலாளர் துறை இருக்கு, அங்க எழுதிக் கொடுக்கலாம். வீக்கம் ராத்திரி படுத்தும் குறையலன்னா, ஒரு கால் மட்டும் வீங்குதுன்னா, ஜிஎச்ல காட்டிடுங்க, நின்னு நின்னு வந்ததுன்னு நாமளே முடிவு பண்ணி விட்டுடக் கூடாது.

எனக்கு உங்க கடிதத்துல ரொம்ப உறுத்தினது கடைசி வரிதான். பக்கத்து வீட்டு ஆயா பாத்துக்குதுன்னு எழுதியிருக்கீங்க, நாலு மணிலேர்ந்து பத்து மணி வரைக்கும் ஆறு மணி நேரம். அவங்களுக்கு என்ன தர்றீங்கன்னு எழுதல. காசு வேணாம்னு சொல்லியிருப்பாங்க, நம்ம பக்கத்துல அப்படித்தான் சொல்வாங்க. ஆனா சும்மா செய்யறது ரொம்ப நாள் தாங்காது, ஒரு நாள் அவங்களுக்கு உடம்பு முடியலன்னாலும் சொல்ல கூச்சப்பட்டு பாத்துப்பாங்க. மாசம் பொறந்தா இவ்வளவுன்னு ஒரு தொகை பேசி கையில கொடுங்க, சின்னத் தொகையா இருந்தாலும் சரி, உங்களுக்கு மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபா வருதுன்னா அதுலேர்ந்து ஒரு பங்கு கொடுங்க. வெள்ள போர்டு பஸ்ல பொம்பளைங்களுக்கு இலவசம்ன்றதால மிச்சமாகறதும் இருக்கு. சம்பளம் வாங்கறவங்க கேள்வி கேக்கலாம், லீவு கேக்கலாம், அது அவங்களுக்கும் நல்லது, உங்க பையனுக்கும் நல்லது.

*

மேடம், நான் அம்பத்தூர் எஸ்டேட்ல ஷிஃப்ட் இன்சார்ஜ். மனைவி பேங்க்ல இருக்காங்க. நான் மத்த ஆம்பளைங்க மாதிரி இல்ல, பாத்திரம் கழுவறேன், காய் நறுக்கித் தரேன், சொன்ன வேலை எல்லாம் செய்யறேன். இருந்தும் எப்பவும் என் மேல கோவமா இருக்காங்க. என்ன தப்புன்னு புரியல.
அம்பத்தூர் வாசகர்

சார், நீங்க கேட்டதே எனக்கு சந்தோஷம், நிறைய பேர் கேக்கறதில்ல. பதில் உங்க கடிதத்துலயே இருக்கு. சொன்ன வேலை எல்லாம் செய்யறேன்னு எழுதியிருக்கீங்க. சொல்றது யாரு?

உங்க ஃபேக்டரில மெஷின் ஓட்டறவர் வேலை வேற, ஷிஃப்ட் இன்சார்ஜ் வேலை வேற, இல்லையா. மெஷின் ஓட்டறவர் மணி அடிச்சதும் கிளம்பிடலாம். நீங்க வீட்டுக்கு வந்தப்புறமும் மெட்டீரியல் வந்துச்சா, நாளைக்கு ஆள் வருமான்னு மனசுக்குள்ள ஓடிட்டே இருக்கும். வீட்டுல அந்த இன்சார்ஜ் வேலை முழுக்க உங்க மனைவிகிட்ட இருக்கு, நீங்க மெஷின் ஓட்டறீங்க. தடுப்பூசி அடுத்தது எப்போ, கேஸ் புக் பண்ணியாச்சா, வேலைக்கார அம்மா கேட்ட அட்வான்ஸ், நோட்டுக்குப் போட பிரவுன் ஷீட் தீந்துடுச்சு, வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல மஞ்ச கலர் டிரெஸ், உங்க தங்கச்சி பொண்ணு சடங்குக்கு என்ன செய்யறது, பிள்ளை தலைல பேன் இருக்கா, இதெல்லாம் அவங்க கவுன்ட்டர்ல உக்காந்து அடுத்தவங்க பணத்த எண்ணிட்டு இருக்கறப்பவும் தலைக்குள்ள ஓடும். பாத்திரம் கழுவறது இருபது நிமிஷத்துல முடியும், இது முடியவே முடியாது.

அதனால இன்னும் நாலு வேலை செய்யறேன்னு கேக்காதீங்க. ஒரு டிபார்ட்மென்ட் மொத்தமா எடுத்துக்கோங்க. எங்க வீட்டுல என் கணவர் எடுத்துக்கிட்டது உடம்பு விஷயம். ரெண்டு பிள்ளைங்களுக்கும் காய்ச்சல்னா டாக்டர்கிட்ட போறது, மருந்து மணி பாத்து கொடுக்கறது, அன்னிக்கு லீவு போடறது, தடுப்பூசி அட்டைய பத்திரமா வெக்கறது எல்லாம் அவர். ஆரம்பத்துல ஒரு தடவை தேதி தள்ளிப் போச்சு, எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லாம இருந்தேன், அவரே கண்டுபிடிச்சு கூட்டிட்டுப் போனார். அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கமே நினைக்கறதில்ல, ராத்திரி எனக்கு தூக்கம் வருது. நீங்க ஸ்கூல் விஷயத்த எடுத்துக்கலாம். ஃபீஸ் தேதி, யூனிஃபார்ம், கிளாஸ் வாட்ஸ்அப் குரூப், மீட்டிங், எல்லாம். முதல் வேலையா நாளைக்கே ஸ்கூலுக்குப் போய், அவசரம்னா கூப்பிட வேண்டிய முதல் நம்பரா உங்க நம்பர எழுதிக் கொடுத்துட்டு வாங்க. அத வீட்டுல பெருசா அறிவிக்க வேணாம், அடுத்த தடவை ஸ்கூல்லேர்ந்து போன் வந்து நீங்க கிளம்பறப்போ அவங்களே பாத்துக்குவாங்க.

*

மழைன்னா காலைல ஆறு மணிக்கு மேல கலெக்டர் ஸ்கூல் லீவுன்னு சொல்றாரு, நல்லதுதான், ஆனா எங்க ஆபீஸ் லீவு இல்லையே. இந்த சீசன்ல மட்டும் மூணு சி.எல். போச்சு. எல்லா அம்மாக்களும் எப்படி சமாளிக்கறாங்க?
மடிப்பாக்கம் வாசகி

எங்க அபார்ட்மென்ட்ல பண்ணினத சொல்றேன், உங்களுக்கு ஒத்து வருதான்னு பாருங்க.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அப்போ எங்க தெருவுல தண்ணி ஏறி தரைத்தளத்து வீடுங்களுக்குள்ள வந்துடுச்சு. அடுத்த நாள் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் போட்ல ஆளுங்கள கூட்டிட்டுப் போனாங்க, ஞாபகம் இருக்கும். மூணு நாள் கரண்ட் இல்ல, போன் சார்ஜ் இல்ல, பால் கிடைக்கல. கீழ் வீட்டு ரெண்டு குடும்பமும் மாடிக்கு வந்துட்டாங்க, எங்க வீட்டு ஹால்ல ஏழு பிள்ளைங்க படுத்திருந்தாங்க, ஒரு வீட்டு சிலிண்டர்ல எல்லாருக்கும் சாதம், ஒரு வீட்டுல வெச்சிருந்த பால் பவுடர் கைக்குழந்தைக்குப் போச்சு. அதுக்கு முன்னாடி எதிர் ஃப்ளாட்காரங்க பேரு கூட எனக்கு சரியா தெரியாது. தண்ணி வடிஞ்சப்புறம் அப்படியே விட்டுடக் கூடாதுன்னு நாலு வீடு சேர்ந்து உக்காந்து ஒரு முறை போட்டோம். ஸ்கூல் லீவு விட்டா அன்னிக்கு யார் முறையோ அந்த வீட்டுல எல்லா பிள்ளைங்களும் இருக்கும், அந்த வீட்டுல ஒருத்தர் சி.எல். போடணும் இல்ல வீட்டுலேர்ந்து வேலை பாக்கணும். மத்த மூணு வீட்டுலேர்ந்தும் சாப்பாடு கட்டி வந்துடும். முறைன்னா அம்மா முறைன்னு இல்ல, வீட்டு முறை, அதனால அப்பாக்களும் லீவு போட்டிருக்காங்க. நாலாவது வீட்டு அக்கா நர்ஸ், மழைன்னா அவங்களுக்குத்தான் டூட்டி கூட, அவங்கள முறைலேர்ந்து விட்டுட்டோம், பதிலுக்கு ஞாயித்துக்கிழமைல யாருக்காவது வெளிய வேலை இருந்தா அவங்க பாத்துக்கறாங்க.

பட்டியல எழுதி லிஃப்ட் பக்கத்துல ஒட்டுங்க. வாய்ப்பேச்சா இருந்தா முதல் மழைலயே மறந்துடும். ஒவ்வொரு வீட்டு சாவி இன்னொரு வீட்டுல ஒண்ணு இருக்கட்டும், எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்காது, வீசிங் இருக்கா, எந்த மருந்துன்னு ஒரு பேப்பர்ல எழுதி அதோட வைங்க. யார்கிட்ட ஆரம்பிக்கறதுன்னு தெரியலன்னா, ஸ்கூல் வேன் நிக்கற இடத்துல காலைல பாக்கறீங்கல்ல ஒரு முகம், அவங்ககிட்டயே ஆரம்பிங்க. அவங்களுக்கும் மூணு சி.எல். போயிருக்கும்.

*

எனக்கு 63 வயசு. காலைல எட்டுலேர்ந்து ராத்திரி ஏழரை வரைக்கும் ரெண்டரை வயசுப் பேரன நான்தான் பாத்துக்கறேன். அவன் மேல உயிரு, ஆனா முழங்கால் வலி. என் சிநேகிதிங்க எல்லாம் கோயில், மார்கழி கச்சேரின்னு போறாங்க. ஒரு நாளாவது போகணும்னு இருக்கு. மகன்கிட்டயும் மருமககிட்டயும் சொன்னா தப்பா எடுத்துப்பாங்களோன்னு பயமா இருக்கு, பாவம் அவங்களும் ஓடறாங்க.
மேற்கு மாம்பலம் வாசகி

அம்மா, உங்க கடிதத்த நான் நாலு தடவை படிச்சேன். என் மாமியார் ஞாபகம் வந்துச்சு, சின்னவன அவங்கதான் வளத்தாங்க, எனக்கு வேணும்னு அவங்க ஒண்ணு கூட கேட்டதில்ல. கேக்கலன்னா வேணாம்னு அர்த்தம்னு நானும் இருந்துட்டேன். அவங்க போனப்புறம் பீரோல சபா நோட்டீஸ் கத்தையா இருந்துச்சு, பேப்பர்லேர்ந்து கத்தரிச்சு வெச்சது. ஒரு வருஷம் கூட போனதில்ல.

இத படிக்கற மகனுங்களுக்கும் மருமகளுங்களுக்கும் சொல்றேன், ஒரு நாளைக்கு பதினோரு மணி நேரத்துக்கு மேல ஒரு அம்மா நம்ம வீட்டுல வேலை பாக்கறாங்க, வார லீவு கிடையாது, நம்ம சம்பளத்துல அவங்க உழைப்பும் இருக்கு. தப்பா எடுத்துக்க என்ன இருக்கு இதுல.

நீங்க மருமககிட்ட சொல்லத் தயங்கினா மகன்கிட்ட முதல்ல சொல்லுங்க, பேரனோட அப்பா அவர்தானே. முடியலன்னு ஆரம்பிக்காதீங்க, பதறிப் போயிடுவாங்க. வாரத்துல ரெண்டு மத்தியானம் எனக்கு வேணும்னு சொல்லுங்க, போதும். பேரனுக்கு ரெண்டு வயசு தாண்டிடுச்சு, பக்கத்துல அங்கன்வாடியோ ப்ளே ஸ்கூலோ அரை நாள் விடலாம், அவனுக்கும் நாலு பிள்ளைங்க கிடைப்பாங்க. முழங்காலுக்கு டாக்டர்கிட்ட போற நாள மட்டும் இந்தக் கணக்குல சேர்க்க விடாதீங்க, அது தனி.

சீசன்ல நிறைய சபாக்கள்ல மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது, சும்மா போய் உக்காரலாம், மாம்பலத்துலேர்ந்து மயிலாப்பூர் ஆட்டோல பக்கம்தான். டிசம்பர் பொறக்கறதுக்கு முன்னாடி காலண்டர்ல எந்த நாள்னு நீங்களே வட்டம் போட்டு ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிடுங்க. போய்ட்டு வந்து யார் பாடினாங்க, கேண்டீன்ல என்ன சாப்டீங்கன்னு எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கம்மா, காத்துட்டு இருப்பேன்.